கையை வீசி நடக்க

நீங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது, இன்ஸ்பெக்டர் ஐயா. தினமும் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்.

மெர்டேக்கா சுதந்திரத்துக்கு மறுவருடம் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் நடைச் சங்கத்தைத் தொடங்கியவன் நான்தான். விடியலில் தேவாரம் பாடிக்கொண்டே புக்கிட் சினா மேட்டுக்கு நடப்போம். நடக்க முடியாமல் பெச்சா ரிக்‌ஷாவில் ஏறித் திரும்புகிறவரைப் பார்த்துச் சங்கமே சிரிக்கும். கையை வீசி நடக்க வேண்டும் என்பதால் எல்லாருடைய குடை, துண்டு, சாவியையும் ஒரே பையில் வாங்கி என் சைக்கிளில் மாட்டிக்கொள்வேன். என்னால் முடிந்த சிறு தொண்டு.

கருணாகரன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. பருத்த உடம்பு, பலவீனமான இதயம். நெஞ்சை அடைத்தால் நாக்கின் அடியில் வைக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். சங்கத்து வழக்கப்படி அந்த மாத்திரை டப்பாவையும் அவர் மனைவி பூங்காவனம் என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, அவரு கேட்டதும் குடுத்துருங்க. லேட் பண்ணிடாதீங்க."

கொடுத்தேன். ஆனால் மாத்திரை போட்டதும் அவர் கல்லில் உட்கார்ந்துவிடுவார். பிறகு பெச்சாவைக் கூப்பிடச் சொல்வார். மருந்து அவரைச் சோம்பேறியாக்குவதைக் கண்ணால் கண்டேன். ஒருநாள் அவர் கேட்டதும் சைக்கிளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, இங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வந்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். அதற்கும் வந்தார்.

"நீங்க சாமியாரா, சார்ஜெண்டாண்ணே?" என்று வியர்வையைத் துடைத்தபடி சிரித்தார். அவர் மேல் எனக்கு அன்பு அதிகம். அவர் பெயரைச் சொல்லித்தான் தினமும் விளக்கேற்றினேன்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், மேட்டின் பாதியில் நின்றுவிட்டார். உதடு நீலமாகியிருந்தது. மற்றவர்கள் பாடிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள்.

"அண்ணே, டப்பா."

"இங்கதான் இருக்கு. வாங்க தம்பி."

வந்தார். கையை நீட்டினார். பை அவர் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உச்சிக்கு இன்னும் கொஞ்சமே இருந்ததால் சைக்கிளை மேலே உருட்டினேன். மறுபடி கையை நீட்டினார். மறுபடி உருட்டினேன். விழுந்த பிறகும் ஊர்ந்தார். ஊக்கம் வரட்டும் என்று டப்பாவைத் திறந்து காட்டினேன்.

கொடுக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். இதைப் பூங்காவனத்திடமும் சொல்லப் போனேன், கதவைச் சாத்திவிட்டாள். கருணாகரன் அதற்குமுன் ஒருநாளும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை.