இரண்டு முறை கேட்டேன்

பக்கத்து இருக்கையில் இருப்பவர் வாயைத் திறக்காமல் வந்தால், அக்டோபர் மாதத்தில் இருபத்தொன்பதாம் நெடுஞ்சாலையில் வடக்கே ஓட்டிப் போவதைப் போல ஒரு சுகம் பூமியில் கிடையாது. எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. தானிய லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்தச் சாலையில் ஏழு லட்சம் தடவை போயிருப்பேன். சரி, ஏழாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படித் திருத்துவதற்கு இப்போது ஆள் இல்லாததால் நானே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏன் ஆள் இல்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, சந்தேகப்படவும் இல்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான். இவ்வளவு நல்ல கதையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது?

எங்கள் டகோட்டா சமவெளியின் தட்டையைச் சொல்லி மாளாது. சாலை நடுவில் ஒரு முட்டையை வைத்தால், எந்தப் பக்கம் உருளலாம் என்று அது ஒரு வாரம் யோசிக்கும். காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் பறந்த என் தொப்பி இன்னும் தரையில் விழவில்லை. இப்படித்தான் நான் பேசுவேன். யாருக்கும் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

வெர்லினுக்கு மட்டும் இது பொறுக்காது. வெர்லின் என் தங்கை லவோனின் கணவர். நாற்பது வருடம் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டவர். லாரி உள்ளே வந்தால் கோதுமையோடு நிறுப்பார், காலி வண்டியைக் கழிப்பார், மழை பெய்திருந்தால் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரையும் கழிப்பார். ஓய்வு பெற்ற பிறகு நிறுக்க லாரி இல்லாமல் என்னை நிறுக்க ஆரம்பித்துவிட்டார். நான் பிடித்த மீன் என் கால் நீளம் இருந்தது என்பேன். "பதினாலு அங்குலம், மச்சான். நான்தானே டேப்பு புடிச்சேன்" என்பார், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் தாங்க முடியாதது.

வருடத்துக்கு ஒரு நாள், அக்டோபரில், ஃபார்கோ நகரத்தில் ஒரு மண்டபத்தில் ஓய்வுபெற்ற தானிய லாரிக்காரர்கள் கூடி மதியம் சாப்பிடுவோம். சாப்பாடு முடிந்ததும் முன்னால் ஒரு நாற்காலி போடுவார்கள். அது என் நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக அதில் உட்கார்ந்து நான் கதை சொல்கிறேன். என் மனைவி போன பிறகு, மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அந்த ஒரு நாளை நினைத்துத்தான் பல் துலக்கினேன். அவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பது ஒரே கதையைத்தான். பெரும் பனிப்புயலில் முன்கண்ணாடி உறைந்துபோக, பின்கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்ததால், லாரி நிறையக் கோதுமையோடு நான் தொண்ணூறு மைல் ரிவர்ஸிலேயே ஓட்டி வந்த கதை. நடுவில் ஒரு மானை முந்துவேன். மான் என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்த இடத்தில் மண்டபமே குலுங்கும்.

போன வருடம் லவோன், "இவரையும் கூட்டிட்டுப் போண்ணே, வீட்லயே கெடந்து சக்கரை டப்பாவ எல்லாம் நிறுத்துப் பாத்துட்டு இருக்காரு" என்றாள். கூட்டிப்போனேன். நான் தொண்ணூறு மைல் என்று சொல்லி வாயை மூடவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு சாந்தமான குரல்:

"முக்கால் மைல், மச்சான். ஓல்சன் வீட்டு முக்குலேர்ந்து எடைமேட வரைக்கும்."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. இருபத்திரண்டு வருடத்தில் என் கதைக்கு அப்படிச் சிரித்ததில்லை. "மானு?" என்று யாரோ கத்தினார்கள். வெர்லின் யோசித்துப் பார்த்து, "அது தபால் பெட்டி" என்றார். ஒருவர் சிரித்துச் சிரித்துப் பல்செட்டைக் காப்பியில் போட்டுவிட்டார். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

இந்த வருடம் கூட்டத்தை நடத்தும் கேலன் போன் செய்தான். "ஆர்டெல், இந்தத் தடவ வெர்லினுக்கும் முன்னால ஒரு நாற்காலி போடறோம்யா. நீ சொல்லு, அவரு திருத்தட்டும். எல்லாரும் அதுக்குத்தான் வராங்க." நான் ரொம்ப நல்ல யோசனை என்றேன். எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் வேறு மாதிரிச் சொல்வதில்லை.

ஆகவே காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். லவோன் ஒரு தட்டு நிறைய இனிப்புக் கட்டிகளும் ஃபிளாஸ்க்கில் காப்பியும் கொடுத்தாள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் அறுத்த சோயாக் கொல்லைகள், சாலையோரம் முழுக்க லாரிகள் சிந்திய சர்க்கரை பீட் கிழங்குகள். எதிரில் லாரி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவேன். அவனும் தூக்குவான். வெர்லின் மடியில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம். அதில் என் மற்ற கதைகளின் சரியான அளவுகளை எழுதி வைத்திருந்தார். "மறந்துடக் கூடாது பாருங்க" என்றார். அவருக்கும் அன்று உற்சாகம்தான்.

வடக்கு டகோட்டா எல்லையைத் தாண்டியதும் அவர் நெஞ்சைத் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு தாடையை. பிறகு இடது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தார். நெற்றியில் வியர்வை.

இது என்னவென்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு எனக்கே வந்தது. இதே தாடை, இதே கை. அன்றைக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனவர் வெர்லின்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்கள் எது கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான், சரி, ஒரு சின்னத் துண்டு என்று தட்டை நீட்டுவார்கள். மூன்றாம் தடவை கேட்காதவர், கொடுக்க மனமில்லாதவர். தொட்டில் குழந்தைக்கும் இது தெரியும். லவோன் கல்யாணத்தில் பாதிரியார், இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று வெர்லினிடம் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. சரி, அது நான் கட்டிவிட்டது. ஆனால் நம்பாதவர் ஒருவரும் இல்லை.

என் நெஞ்சு வலித்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று வெர்லின் என்னை மூன்று தடவை கேட்டார். எண்ணிக்கையில் அவர் தவறவே மாட்டார்.

முன்னால் நீலப் பலகை வந்தது, ஆஸ்பத்திரியைக் காட்டும் வெள்ளை எழுத்தோடு. அடுத்த எக்ஸிட்டில் இறங்கினால் நாலு நிமிடம்.

"என்ன மாப்ள, நெஞ்சு வலியா? ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா?" என்றேன்.

"ஐயோ, வேண்டாம் மச்சான். காலைல தின்ன சாசேஜ் எதுக்களிக்குது."

ஒன்று. அரை மைல் விட்டேன். எக்ஸிட்டின் வளைவு கண்ணுக்குத் தெரிந்தது.

"மூஞ்சி வெளுத்திருக்கே. ஒரு எட்டு காட்டிட்டுப் போலாமே."

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? கேலன் அங்க காத்துட்டு இருப்பாரு."

இரண்டு.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. 'சரி' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். நான் மட்டும் இன்னொரு தடவை கேட்டிருந்தால் போதும். நான் சாலையைப் பார்த்தேன். என்ன அழகான சாலை, நூல் பிடித்த மாதிரி. எக்ஸிட் வலது பக்கமாக மெதுவாகப் பிரிந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

அவர் தானாகக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. வெர்லின் கிணற்றில் விழுந்திருந்தால்கூட, சும்மா தண்ணீர் பார்க்க இறங்கினேன் என்பார்.

என் சட்டைப் பையில் நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை இருந்தது. என் டாக்டர் எனக்குக் கொடுத்தது. அதைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. எடுத்தால் அதற்கும் மூன்று தடவை கேட்க வேண்டும்.

பிறகு செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேகத்தை எழுபத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குக் குறைத்தேன். பீட் லாரிகள்கூட என்னை முந்திப் போயின. போகிறவர்களுக்கெல்லாம் விரலைத் தூக்கினேன். இன்னும் இரண்டு நீலப் பலகைகள் வந்தன. இரண்டையும் அவர் பார்த்தார். நான் கதையைத் தொடங்கினேன், முழுக் கதையையும், மண்டபத்தில் சொல்வது போல, குரலை ஏற்றி இறக்கி. பனியைச் சொன்னேன். முன்கண்ணாடியைச் சொன்னேன். கியரைப் பின்னுக்குத் தள்ளியதைச் சொன்னேன். மான் வந்தது, திரும்பிப் பார்த்தது. ஒரு திருத்தம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வெர்லினை வைத்துக்கொண்டு ஒரு கதையைத் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தொண்ணூறு மைல், மாப்ள" என்று முடித்தேன்.

அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தார். உதடு அசைந்தது.

"முக்கால்" என்றார்.

அதுதான் கடைசி. மனிதரின் நேர்மையை நான் குறை சொல்ல மாட்டேன்.

மீதித் தூரம் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். தானியக் குதிர்களும் நீர்த்தொட்டிக் கோபுரங்களும் தாண்டி, ஃபார்கோவின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்து எனக்கு மரியாதை செய்தன. மண்டபத்து வாசலில், நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினேன். அவர் இருக்கையைப் பின்னால் சாய்த்து, தொப்பியை முகத்தில் வைத்தேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். இனிப்புத் தட்டையும் எடுத்துக்கொண்டேன். லவோன் செய்ததை வீணாக்கக் கூடாது.

"வெர்லின் எங்கய்யா?" என்றான் கேலன்.

"வண்டில தூங்குறாரு. ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம். கொஞ்ச நேரம் விடு."

"அப்ப யாரு திருத்துறது?"

"நீதான் தபால் பெட்டியா வந்து நில்லேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாள் நல்லபடியாக ஆரம்பித்துவிட்டது.

பன்றிக்கறி பன் இரண்டு சாப்பிட்டேன். மூன்றாம் தடவை கேட்டபோது கேக்கும் வாங்கிக்கொண்டேன். முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றில் கால் நீட்டிக்கொண்டேன். தொண்ணூறு மைல் நூற்று நாற்பது ஆனது. இந்தத் தடவை இரண்டு மான்கள். எழுந்து நின்று கை தட்டினார்கள், நாலாயிரம் பேர். நாற்பது பேர். பிறகு கேலன் வெர்லினை எழுப்பி வரலாமென்று ஒரு துண்டு கேக்கோடு வெளியே போனான்.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் டாக்டர். மாரடைப்பு. எல்லோரும் என்னைத்தான் கட்டிப்பிடித்தார்கள். பாவம், உள்ளே நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தானே, வெளியே மாப்பிள்ளைக்கு இப்படி ஆனதே என்றார்கள். வழியில் நெஞ்சைத் தேய்த்ததையும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவரே சொன்னதையும் நான் மறைக்கவில்லை. அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வெர்லின் அப்படித்தான் சொல்வார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி கொடுத்தார்கள். லவோன் அழவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்து, என் கோப்பையை நகர்த்திவிட்டு, என் கையைப் பிடித்தாள். ஐம்பத்தோரு வருடம் அவரோடு வாழ்ந்தவள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டியாண்ணே?"

"கேட்டேம்மா."

"எத்தன தடவ கேட்ட?"

சுற்றிலும் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வி புரியும்.

"மூணு" என்றேன்.

அவள் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்து போனாள். இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு அனுப்புகிறாள்.

முக்கால் மைலை நூற்று நாற்பது ஆக்கிய வாய் இது. அவளிடம் கூட்டியது வெறும் ஒன்று. நான் வாழ்நாளில் சொன்னதிலேயே உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான்.