ஒரு தூக்குவாளிக் கடல்

“நான் பாத்த கடல் ஒரு தூக்குவாளி அளவுதான்” என்று முன் சீட்டு அம்மாள் சொன்னதும் நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகிற பஸ். அவர் பக்கத்தில் இருந்த இளம்பெண் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துத் தரங்கம்பாடி போகிறார்களாம். அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று அவள் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

“கோட்டை, மியூசியமெல்லாம் இருக்குன்னாங்களே, பாக்கலியாக்கா?”

“எல்லாரும் பாத்தாங்க. நான் மணல்ல உக்காந்து பதினாலு சோடி செருப்பையும் புளிசாதக் கூடையையும் பாத்துக்கிட்டேன். புது மருமவ, வேற யாரு உக்காருவா?”

“அலையில காலுகூட நனைக்கலியா?”

“நனைச்சேனே. எங்க வூட்டுக்காரரு மோர் கொண்டுபோன தூக்குவாளியக் கழுவி, கடத்தண்ணி மொண்டாந்து, யாரும் பாக்காதப்ப என் கால்ல ஊத்துனாரு. மொத தடவ வர்ற வழியிலயே பாதிய சிந்திட்டாரு. மறுபடி ஓடுனாரு.”

இருவரும் சிரித்தார்கள்.

“செருப்பெல்லாம் வேன்லயே கெடக்கட்டும். நீங்களும் வாங்கக்கா.”

“அவரு படுத்த படுக்கையா கெடக்குறாரே.”

“ஒரு நாளு உங்க மவன் பாத்துக்கட்டும்.”

நான் இறங்கவேண்டிய ஊர் நெருங்கிக்கொண்டிருந்தது. முடித்துத் தொலையுங்களேன் என்றிருந்தது எனக்கு.

“சரி, வரேன். அந்தத் தூக்குவாளியும் இருக்கு, எடுத்தாரேன். மூடி இறுக்கந்தான். வூடு வந்து சேர்ற வரைக்கும் சிந்தாது.”