நூற்றிருபது சிலுவைகளின் இடமாற்றம்

எங்கள் பக்கத்தில் கரையான் அதிகம். சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற வழியில் மரக்கட்டை என்று எதை நட்டாலும் மூன்று வருஷத்தில் மாவாகிவிடும். அதனால் எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் கல்லறைத் தோட்டத்து மரச்சிலுவைகள் அத்தனையையும் பிடுங்கி, அடியில் தார் பூசி, மேலே வெள்ளையடித்து, காயவைத்துத் திரும்ப நடுவோம். எது எங்கே என்பதற்கு ஒரு வரைபடம் இருந்தது. அது என் பொறுப்பு. கணக்கு வாத்தியாரிடம் வேறு எதைக் கொடுப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் அய்யா, நேற்று குழியைத் திறந்தபோது நானும் அங்கேதான் நின்றேன். ஞானமேரி தன் புருஷன் தோமினிக்கின் குழியிலேயே தன்னையும் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு செத்தாள். ஐந்து வருஷமானால் குடும்பத்தாருக்குக் குழியைத் திறந்து கொடுப்பது எங்கள் வழக்கம்தான். தோமினிக் பெயர் எழுதிய சிலுவைக்குக் கீழே தோண்டினார்கள். உள்ளே ஒரு மரக்கால் கிடந்தது. தோமினிக்குக் கடைசிவரை இரண்டு காலும் இருந்தன. மரக்கால் வைத்திருந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்த சவரிமுத்து. அதற்குமேல் யாரும் எதையும் தோண்டத் துணியவில்லை. ஞானமேரி கோயிலில் பெட்டிக்குள் காத்திருக்கிறாள். ஆகஸ்டு மாத வெயில், ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

1962 மே மாதம் பம்பாயில் கணக்கு ஆசிரியர்களுக்கு ஆறு வார வகுப்பு நடந்தது. சேலம் ஜில்லாவிலிருந்து என்னை அனுப்பினார்கள். அங்கேதான் லாட்டிஸ் என்ற ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரையோரம் தென்னந்தோப்பு பார்த்திருப்பீர்கள். சம தூரத்தில், நேர் வரிசையில். அந்தத் தோப்புக்கு நான்கு பக்கமும் எல்லையே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணைக் கட்டி ஒரு மரத்தடியிலிருந்து இன்னொரு மரத்தடிக்குக் கொண்டுபோய் விட்டால், இடம் மாறியதே உங்களுக்குத் தெரியாது. அந்தத் தோப்பில் உசத்தியான மரம் என்று ஒன்று கிடையாது. கேட்டவுடன் வகுப்பு நடுவிலேயே எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த மதுரைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

எங்கள் கல்லறைத் தோட்டம் பதினொன்றுக்குப் பதினொன்று. செத்த வரிசைப்படி குழி. தெற்கிலிருந்து ஒவ்வொரு வரிசையாக, மேற்கிலிருந்து கிழக்காக நிரப்பிக்கொண்டே வருவார்கள். ஏழை, பணக்காரன், உபதேசியார் என்று பார்ப்பதில்லை. இன்று செத்தவருக்குப் பக்கத்தில் நாளைக்குச் சாகிறவர், அவ்வளவுதான். நான் பம்பாயிலிருந்து திரும்பிய வருஷம் நூற்று இருபத்தொன்றும் நிரம்பிவிட்டது. எல்லாம் ஒரே உயரச் சிலுவைகள். நான் படித்தது கண்ணெதிரே நின்றது.

ஒரு லாட்டிஸின் புள்ளிகளை ஒரே விதிப்படி இடம் மாற்றலாம். விதிக்கு நான்கு முழு எண்கள் போதும். அவற்றைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் ஒன்று வரவேண்டும், அது ஒன்றே நிபந்தனை. வந்துவிட்டால் எல்லாரும் நகர்வார்கள், ஆனால் தோப்பு அப்படியே இருக்கும். ஒரு இடமும் காலியாகாது, ஓர் இடத்தில் இருவர் நிற்கமாட்டார்கள். இப்படிப்பட்ட மாற்றங்கள் சேர்ந்ததைக் குலம் என்பார்கள். அந்தக் குலத்தில் எதைச் செய்தாலும் அதைத் திருப்பிச் செய்ய இன்னொன்று இருந்தே தீரும். மன்னிப்புக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம் தோட்டத்துக்குச் சுவர் இருக்கிறதே என்பீர்கள். கிழக்குச் சுவரைத் தாண்டியவரை மேற்கிலும், வடக்கே போனவரைத் தெற்கிலும் நுழைத்துவிட்டேன்.

அந்த அக்டோபரில் பட்டப்பகலில்தான் வேலை நடந்தது. கையில் கயிறும் காகிதமும் வைத்திருப்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. காளியப்பன் என்ற கூலியாள் மட்டும் நாலாவது சிலுவையை நடும்போது நின்றான்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, போன வருசம் இது அந்தக் கோடியில இருந்துச்சுங்களே. சிலுவை இங்க வந்தா ஆளும் கூட வந்துருவாருங்களா?"

"ஆளு மோட்சத்துக்குப் போயி வருசமாச்சு காளியப்பா."

"அப்பச் செரிங்க" என்று நட்டுவிட்டான். அவனுக்கு இருந்த தெளிவு பங்கில் பாதிப் பேருக்குக் கிடையாது.

நூற்றிருபது சிலுவைகள் இடம் மாறின. தென்மேற்கு மூலையில் முதல் ஆளாகப் படுத்திருக்கும் பழைய பிரெஞ்சுச் சாமியார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். விதி அப்படி, நான் சலுகை காட்டவில்லை. பழைய வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதைப் புற்றுக்கு அருகில் வைத்தவன் நான்.

கல்லறைத் திருநாளன்று வேளாங்கண்ணி என்ற விதவை மட்டும் மெழுகுவர்த்தியோடு என்னிடம் வந்தாள். "எங்கூட்டுக்காரரு வேப்பமரத்தோரமா இருந்தாருங்களே சாமி, இப்ப கெணத்துப் பக்கம் நிக்கிறாரு" என்றாள். புதிதாக நான் போட்ட வரைபடத்தைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிணற்றுப் பக்கம் போய் அழுதாள். அன்றைக்கு வந்திருந்த குடும்பங்கள் அத்தனையும் அடுத்தவர் வீட்டுப் பிணத்துக்கு அழுதன. அழுகையில் எந்தக் குறையும் தெரியவில்லை. அடுத்த மூன்று வருஷமும் அப்படியே. தோமினிக்குக்காக ஞானமேரி செய்த செபம் முழுவதும் சவரிமுத்துவுக்குப் போயிற்று. அவருக்கு வேறு யாரும் இல்லை என்பதால் அது வீண் என்று சொல்லமாட்டேன்.

போன மாதம் படுத்த படுக்கையாக இருந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு குழியிலயே என்னையும் வெச்சிருங்க வாத்தியாரய்யா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க." சரி என்றேன். அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. அதை மறைப்பானேன். அவள் ஒரு பாவமும் அறியாதவள். அதனால்தான் இப்போது விதியைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் போட்ட எண்கள் ஐந்து, ஒன்று, நான்கு, ஒன்று. திருப்புவது சுலபம். பத்தியை மேற்கிலிருந்தும் வரிசையைத் தெற்கிலிருந்தும் எண்ணவேண்டும். நாங்கள் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவோம். தோமினிக்கின் சிலுவை நாலாம் பத்தி, மூன்றாம் வரிசை. நான்கில் மூன்று போனால் ஒன்று, அதுதான் அவனுடைய பழைய பத்தி. மூன்றை ஐந்தால் பெருக்கினால் பதினைந்து, நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு. பதினைந்தில் பதினாறு போனால் பூஜ்ஜியத்துக்கு ஒன்று குறைவு, அதாவது தெற்குச் சுவரைத் தாண்டி வடக்கே நுழைகிறோம், பத்தாம் வரிசை. அங்கே தோண்டுங்கள், கிடைப்பான்.

அதற்கு மேற்கே ஒட்டினாற்போல் இருக்கும் பூஜ்ஜியம் பத்தி, பத்தாம் வரிசை யாருடையது என்று கேட்பீர்கள். என் மனைவி இன்னாசிமேரியுடையது. அவளுடைய சிலுவை இப்போது அதே வரிசையின் மறுகோடியில், வடகிழக்கு மூலையில் இருக்கிறது. தோமினிக்கின் சிலுவைக்கும் அதற்கும் ஆறு பத்தி, ஏழு வரிசை தூரம். அது எதேச்சையாக அமைந்தது. ஐம்பத்து மூன்று விதிகளைப் போட்டுப் பார்த்ததில் இதுதான் எனக்கு அழகாகப் பட்டது.

தோமினிக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பான், இன்னாசிமேரி பாடுவாள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது, யாரும் ஒன்றும் சொன்னதில்லை. 1961 பிப்ரவரியில் அவள் டைபாய்டில் போனாள். அடக்கத்தன்று தோமினிக் என்னைவிட அதிகமாக அழுதான். மறுநாள் துக்கம் விசாரிக்க வந்தவன், பெஞ்சில் உட்கார்ந்து அன்றும் அழுதான். ஆறுதலாக ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். மறுநாள் காலை அவன் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். குழி வெட்டுகிறவர்கள் வழக்கப்படி அடுத்த இடத்தை வெட்டினார்கள். நானும் மண் போட்டேன். மூன்றாவது கைப்பிடி மண் போடும்போதுதான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தது.

ஞானமேரியை வைக்கும்போது தோமினிக்குக்கு மேற்குப் பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு ஆள் வந்தால் போதும். இது ஒன்றுதான் நான் கேட்பது.

நீங்கள் அந்தக் குழியைத் திறந்தால் எலும்பை மதராசுக்கு அனுப்பிப் பரிசோதிப்பீர்கள். அந்த அலைச்சல் வேண்டாம். காப்பியில் அரளி விதையை அரைத்துக் கலந்தவன் நான்தான். டம்ளரைக் காலி செய்துவிட்டு, அவள் போடுகிற காப்பி மாதிரியே இருக்கிறது என்றான்.

இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விடையை எழுதுமுன் ஒரு தடவை சரிபார்க்கவேண்டும் என்று சொல்லாத நாளில்லை. அந்த மாதம் பங்கில் நோய் அதிகம், வாரத்துக்கு ஒருவர் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாரம் பொறுத்திருந்தால் நடுவில் வேறு யாராவது செத்திருப்பார்கள், இந்தச் சிலுவைகளில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியிருந்திருக்காது. அவசரப்பட்டது தப்புதான் அய்யா, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.