தில்லைநாதன் கழற்றிய பின்விளக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் தமிழ் மன்றத் தலைவர் வரதராசா அவர்களே! இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு மண்டபத்தைத் தந்துதவிய பங்குத்தந்தை அவர்களே! வேலை உடுப்போடேயே எம்மன்புரூக்கேயிலிருந்தும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் உறவுகளே! முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் ஞானேஸ்வரி அக்கா!

விமான மின்வினைஞர் அமரர் தில்லைநாதன் அவர்களோடு ஒரே விமானக் கொட்டகையில் வேலை செய்த இன்னாசித்தம்பி பேசுகிறேன். பேசும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும். ஏன்? செத்தவீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இவர் குடிச்சிட்டுத்தான் சைக்கிள் ஓடினவர் எண்டு சனம் கதைக்குது. லைட் இல்லாமல் போற மனிசனோ இவர்? நீர் சொல்லும்."

சொல்கிறேன் அக்கா. எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறேன்.

ஷாஃப்ஹவுசன் நகருக்கு வெளியே, எங்கள் சிறிய விமானத் திடலில் ஒரு பழைய நான்கு இருக்கை விமானம் நிற்கிறது. அதில் விமானி பார்க்கும் மானிகளுக்கெல்லாம் கூரையில் ஒரேயொரு சிவப்பு விளக்கு. பாதி மானி தெரியும், பாதி தெரியாது. அதைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மானிக்கும் தனித்தனி விளக்கு வைக்கும் வேலை, யாழ்ப்பாணத்தில் கார்களுக்கு வயரிங் செய்த எங்கள் தில்லை அண்ணையிடம் வந்தது. வாதாடாமல் ஒரு திருகாணி முறுக்குவாரா அவர்? மாட்டார்! சரியான சண்டைக்காரர்! வெள்ளை விளக்குத்தான் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். விமானச் சொந்தக்காரர் புறூனரோ, இருட்டில் கண்ணுக்குச் சிவப்புத்தான் சுகம் என்று நின்றார்.

போன மாதம் ஒரு பின்னேரம் புறூனர் முடிவு சொல்ல வந்தார். பழைய சிவப்பு விளக்கோ குப்பையோடு போய்விட்டது. அண்ணை என்ன செய்தார்? வெளியே ஓடித் தன் சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தார்! மேசையிலிருந்த பற்றரியில் கொழுவினார். கதவைச் சாத்தச் சொன்னார். எண்ணெய் வெப்பமானிக்கு முன்னால் பிடித்தார்.

"இப்ப சொல்லுங்கோ, ஆபத்தைக் காட்டிற சிவப்புக் கோடு எது?"

நாங்கள் குனிந்து பார்த்தோம். சிவப்பு வெளிச்சத்தில் அந்தக் கோடும் மற்ற வெள்ளைக் கோடுகளும் ஒன்றுபோலவே கிடந்தன. புறூனர் சிரித்துவிட்டு வெள்ளைக்குச் சம்மதித்தார். அண்ணை வென்றார்! வென்ற சந்தோஷப் புளுகத்தில் எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்து தானும் குடித்தார். கோப்பி, சபையோரே! வேறொன்றும் அவர் குடிக்கவில்லை!

நான் உடுப்பு மாற்றப் போயிருந்தேன். "தம்பி, நான் வாறன்" என்று வாசலில் குரல் கேட்டது. வெளியில் மூடுபனி. சைக்கிளின் முன்விளக்கு எரிந்தது. பின்னால் வந்த லொறிக்காரருக்கு அவர் தெரியவேயில்லை; இடித்துவிட்டார். அடுத்த நாள் காலை நான் வந்து பார்க்கிறேன், வயர் கொழுவியபடி அந்தப் பின்விளக்கு மேசையிலேயே இருக்கிறது. பொலிசாருக்கும் அதைத்தான் காட்டினேன்.

குடிகாரன் என்று சொன்ன வாய்களே, இன்றோடு மூடிக்கொள்ளுங்கள்! அக்கா, உங்கள் கணவர் யாரோ ஒரு விமானியின் கண்ணுக்கு ஒரு கோடு தெரியவேண்டும் என்று தன் விளக்கைக் கழற்றினார். திருப்பிப் பூட்ட மறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. 

அந்த விமானத்தின் மானிகள் இன்னும் இருட்டாகவே கிடக்கின்றன. மிச்ச வேலையை நான் முடிப்பேன். அண்ணை செய்வதுபோலவே கதவைச் சாத்தி, கண் இருட்டுக்குப் பழகும்வரை விமானியின் இருக்கையில் பேசாமல் இருந்து, ஒவ்வொரு கோடும் தெரிகிறதா என்று பார்ப்பேன். பார்க்காமல் அந்த விமானத்தை வெளியே உருட்ட விடமாட்டேன். இது இந்தச் சபையில் நான் தரும் வாக்கு.

இன்னும் ஒன்று. வரும்போது மண்டப வாசலில், பக்கத்திலிருந்து வந்த நம்மவர்களின் சைக்கிள்களைப் பார்த்தேன். பலதில் பின்விளக்கு இல்லை. வெளியே இருட்டிவிட்டது. வெட்கப்படாமல் கையை உயர்த்துங்கள். எங்கள் வேலைத்தல வான் வண்டி வாசலில் நிற்கிறது. சைக்கிளையும் ஏற்றி உங்களை வீட்டிலேயே இறக்கிவிடுகிறேன். இப்படி ஒரு மேடையில் இன்னொரு தரம் ஏறிப் பேச என்னால் முடியாது.