பதினைந்தாவது மட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான்கு ஆண்களை ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை, மேடம். ஒருவருக்கு முதுகு பிடித்திருக்கும். ஒருவர் வீட்டுக்கு மாமனார் வந்திருப்பார். ஒருவர் இதோ கிளம்பிவிட்டேன் என்று போர்வைக்குள் இருந்தே போனில் சொல்வார். பதினான்கு வருடமாக வருடத்துக்கு ஒரு சனி ஞாயிறு அந்த நான்கு பேரையும் கோல்ஃப் ஆட ஒன்றுசேர்த்தது நான்தான். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாக்குமூலம் என்றால் எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டுமே.

தாளையும் பேனாவையும் கொடுத்து, "உங்க வார்த்தையிலயே எழுதுங்க" என்றீர்கள். எழுதுவதுதான் என் தொழில். வாஷிங் மெஷின் வாங்கினால் கூடவே ஓர் உத்தரவாத அட்டை வருமே, அதன் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் இருப்பதை எழுதுகிறவன் நான். எலி கடித்தால் கம்பெனி பொறுப்பல்ல, வெள்ளம் வந்தால் பொறுப்பல்ல, நீங்களே திறந்து பார்த்தால் பொறுப்பே அல்ல. இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். ஒருவரும் படித்ததில்லை. எங்கள் வீட்டு மெஷின் கெட்டுப்போனபோது என் மனைவி கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அவர்கள் நான் எழுதியதையே அவளுக்குப் படித்துக் காட்டினார்கள். "எவன்யா இதை எழுதினவன்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் நேற்று நீங்கள் என்னுடைய ஆட்ட விதிகளை மேசையில் விரித்து, நான்கு விதிகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை. மரியாதைதான் வந்தது. என் எழுத்தை முழுதாகப் படித்த முதல் ஆள் நீங்கள்.

எங்கள் கோஷ்டி சின்னது. பல் டாக்டர் ஒருவர், கட்டட எஞ்சினியர் ஒருவர், என் மனைவியின் அண்ணன், அப்புறம் நான். மச்சான் லிஃப்ட் விற்கிற கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். நாலாவது மாடியில் பேசினால் தரைத்தளத்தில் கேட்கும் குரல். கையில் காசு இல்லாதவனுக்கும் காதில் சிரிப்பை ஊற்றிவிட்டுப் போவார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பதினோரு வருடத்துக்கு முன்புவரை.

உங்களுக்கு கோல்ஃப் தெரியாது என்றீர்கள். தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பந்தை மட்டையால் அடித்துக்கொண்டே போய்க் குழியில் தள்ள வேண்டும். பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தேதான் அடுத்த அடி அடிக்க வேண்டும். கையாலோ காலாலோ நகர்த்தக் கூடாது. நடுவரும் கிடையாது, அவரவர் நேர்மைதான் நடுவர். சனி ஞாயிறு விடுமுறையில் நேர்மையாக இருக்க வேண்டும் என்று எவன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்பு என் பந்து ஒரு வேர்மேல் போய் நின்றது. நான் பக்கத்தில் போனேன். பந்து வேரிலிருந்து இறங்கிப் புல்லுக்கு வந்தது. அங்கே சரிவு இருந்தது, மேடம். என் கால் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதை மச்சான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுக் கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார்.

"ஒரு ஆட்டக்காரருக்குப் பதினாலு மட்டை வரைக்கும்தான் அனுமதி. நம்ம மாப்பிள்ளைகிட்ட மட்டும் பதினஞ்சாவது ஒண்ணு இருக்கு. ஷூவுக்குள்ள வச்சிருக்கார்."

அன்று மத்தியானச் சாப்பாட்டிலேயே எனக்குக் கால்மட்டை என்று பெயர் வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு என்னை யாரும் வேறு பெயரில் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. மச்சான் அந்தக் கதையை என் ஆபீஸ் விழாவில் சொன்னார். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது நர்சுக்குச் சொன்னார். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தியைத் தனியாக அழைத்துப்போய், எழுந்து நின்று காலால் தள்ளுவது எப்படி என்று நடித்தே காட்டினார். சம்பந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ரோஷக்காரன் என்பார்கள். அந்தப் பட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பதினோரு வருடம் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன். இன்னும் இருந்திருப்பேன். போன வருடம் என் பேத்திக்குப் பேச்சு வந்தது. தாத்தா என்று சொல்வாள் என்று ஆசையோடு மடியில் தூக்கி வைத்தேன். "காமட்டத் தாத்தா" என்றாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மச்சான் சோபாவில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டார், அவர்தான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். செத்தால் என் போட்டோவுக்குக் கீழே இந்தப் பெயரைத்தான் போடுவார்கள் என்று தோன்றியது. ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் இதற்கெல்லாம் அழுவானா என்று கேட்பீர்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

இனி நீங்கள் கோடு போட்ட விதிகள்.

விதி நான்கு. செல்போன்கள் எல்லாம் தகரப்பெட்டியில் பூட்டிக் கிளப் அறையில் வைக்கப்படும், சாவி அமைப்பாளரிடம் இருக்கும். அமைப்பாளர் நான். பல் டாக்டர் நோயாளிகளிடம் போனில் வாய் திறக்கச் சொல்லிக்கொண்டே ஆடுவார், ஆட்டம் விளங்காது. இந்த விதியை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள்.

விதி ஆறு. ஆடும்போது ஒருவர் மற்றவருக்கு யோசனை சொல்லக் கூடாது. இது நான் எழுதியதே அல்ல, இந்த ஆட்டம் ஆடுகிற இடத்திலெல்லாம் இருக்கிற விதி. நான் எடுத்து எழுதினேன்.

விதி ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் மூன்றே மூன்று மட்டையோடு ஆட வேண்டும். பைகள் கிளப்பிலேயே இருக்கும். பாக்கெட்டில் பந்தைத் தவிர எதுவும் கூடாது. மூன்று மட்டைப் பந்தயம் பல கோஷ்டிகள் ஆடுவதுதான், பெரிய வேடிக்கை. எஞ்சினியர் இதைக் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டி, "பரவாயில்லையே, கால்மட்டைக்கும் மூளை இருக்கு" என்றார்.

விதி பதினொன்று. பந்து கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். பொதுவாக, அடிக்கவே முடியாத இடத்தில் கிடந்தால் ஒரு அடி கூட்டிக்கொண்டு பந்தை வெளியே எடுத்து வைக்கலாம். அந்தச் சலுகையை நான் நீக்கினேன்.

அதோடு மச்சானுக்கும் எனக்கும் தனியாக ஒரு பந்தயம். நாங்கள் காசு வைத்து ஆடுவதில்லை, மானத்தை வைத்துத்தான் ஆடுவோம். மச்சான் ஒரு தடவையாவது பந்தைத் தொட்டு நகர்த்தினால், குடும்பத்தார் எல்லோர் முன்பும் மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்தப் பெயரை அப்புறம் வாயால் சொல்லக் கூடாது. கடைசிக் குழிவரை தொடாமல் ஆடி முடித்தால், அவர் மகன் கல்யாணத்துக்கு நான் முதுகில் கால்மட்டை என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். மச்சான் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் வழக்கம்போல் படிக்கவில்லை.

மச்சானுக்குக் குளவி கொட்டினால் ஆகாது. சின்ன வயதில் ஒரு தடவை கொட்டித் தொண்டை அடைத்துப் பிழைத்தது மறுபிறவி என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அதற்காகப் பேனா மாதிரி ஓர் ஊசியை எப்போதும் தன் கோல்ஃப் பையின் பக்கவாட்டில் வைத்திருப்பார். பல் டாக்டருக்கு இது தெரியும். ஞாயிறு காலை கிளம்பும்போது அவர்தான், "அந்த ஊசியையாவது பாக்கெட்டுல போட்டுக்குங்களேன்" என்றார்.

"எதுக்கு? அதைச் சாக்கா வச்சு மாப்பிள்ளை பந்தயம் செல்லாதும்பார். ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?" என்றார் மச்சான்.

நான் என் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

அமைப்பாளர் என்ற முறையில் இரண்டு வாரம் முன்பே மைதானத்தைச் சுற்றிப் பார்த்து வருவது என் வழக்கம். ஏழாவது குழிக்குப் போகிற பாதை இடது பக்கம் மரங்களோடு வளைந்து போகும். கிளப்பிலிருந்து அதுதான் தூரமான இடம். அங்கே ஒரு புதருக்குள் முழங்கால் உயரத்தில் தேங்காய் மூடி அளவுக்குக் குளவிக்கூடு இருந்தது. தோட்டக்காரரிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மேசை டிராயரிலிருந்து நீங்கள் எடுத்த மைதான வரைபடத்தில் ஏழாவது குழிக்குப் பக்கத்தில் உள்ள பென்சில் புள்ளி அதுதான். மச்சான் அடிக்கிற பந்து எப்போதும் இடது பக்கம்தான் போகும். முப்பது வருடமாக அதைத் திருத்த வாத்தியார்கள் வைத்துப் பார்த்தார், முடியவில்லை. நான் எதையும் நம்பி இறங்கவில்லை, அவருடைய பழக்கத்தைத்தான் நம்பினேன்.

அன்றும் இடது பக்கம் போனது. நானும் வேண்டுமென்றே இடது பக்கம் அடித்தேன். என் ஆட்டத்திலேயே நினைத்த இடத்துக்குப் போன ஒரே பந்து அது. மற்ற இருவரும் வலது ஓரத்தில் பந்து தேடிக்கொண்டிருந்தார்கள். மச்சான் அவர்களோடு கதை பேசிவிட்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார். நான் முன்னால் போனேன். அவர் பந்து புதருக்கு ஒரு முழம் தள்ளி வெட்டவெளியில் நன்றாகக் கிடந்தது.

காலால் தள்ளினேன். என் வாழ்க்கையில் ஒரு பந்தைக் காலால் தொட்டது அது ஒன்றுதான். இதை நீங்கள் அப்படியே பதிவு செய்ய வேண்டும். கொலை என்று எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பதினோரு வருடத்துக்கு முன்பு அங்கே சரிவு இருந்தது.

மச்சான் வந்து, புதருக்கு அடியில் பந்தைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "எடுத்துடுவேன்னு பாக்கறீங்களா மாப்பிள்ளை? சட்டையைத் தைக்கக் குடுத்துடுங்க" என்றார். அவருக்கு ஒரு வழி இருந்தது, மேடம். குனிந்து பந்தை எடுத்திருக்கலாம். ஒரு மன்னிப்போடு போயிருக்கும், நானும் மன்னித்திருப்பேன். கூடு இருப்பது அவருக்குத் தெரியாதே என்பீர்கள். நான் சொல்லியிருப்பேன். ஆனால் விதி ஆறு இருக்கிறது.

மட்டையைப் பின்னால் ஓங்கினார். அது கூட்டில் போய் இடித்தது.

கழுத்தில் நாலைந்து, கையில் இரண்டு. ஓடி வெட்டவெளிக்கு வந்து உட்கார்ந்தார். உதடு தடித்துக்கொண்டே வந்தது. பல் டாக்டர் அந்த வயதிலும் ஊசிக்காகக் கிளப்புக்கு ஓடினார். போன் பெட்டியின் சாவியைக் கொடுங்கள் என்று எஞ்சினியர் கேட்டார். நான் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தேடினேன். சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். கடைசியில்தான் அதில் கை விட்டேன். டாக்டர் ஊசியோடு திரும்பி வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது.

அதுவரை மச்சான் தலை என் மடியில் இருந்தது. பேச்சு சரியாக வரவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, தங்கச்சிகிட்ட..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அப்போது அவர் என்னைக் கால்மட்டை என்று கூப்பிடவில்லை என்பது என் காதில் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிவிட்டேன்.

என் மனைவி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. அண்ணன் தனக்கு என்ன சொல்ல வந்தார் என்று ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறாள். தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அது மட்டும் எனக்கு உண்மையிலேயே தெரியாது.

மேலே கண்டவை எல்லாம் என் சொந்த நினைவோடு எழுதியவை. முன்பு ஆடிய ஆட்டங்கள் எதிலும் நான் விதி மீறியவன் அல்ல என்பதை என் குடும்பத்தாருக்கு, முக்கியமாக என் பேத்திக்கு, தெரிவிக்க வேண்டுகிறேன்.

இதுவரை படித்துவிட்டு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். பதிலையும் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். அவர் வந்து சேர அரை நிமிடம்கூட இல்லாதபோது, நடையை நிறுத்தாமல், புல்லில் ஒரு தடம் விழாமல், பந்தைச் சரியாகக் கூட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். இதற்கு எத்தனை நாள் ஒத்திகை பார்த்தேன் என்று கேட்டீர்கள்.

ஒத்திகையெல்லாம் பார்க்கவில்லை, மேடம். பதினான்கு வருடப் பழக்கம்.