ஜன்னலோரம் உட்கார்ந்த கூத்துக்கத்தி

அரூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவன் மனைவி. கணவர் கூத்து ஆடுபவர். லுங்கியில் சுற்றிய மரக்கத்தியை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார். எல்லைக் காவலிலிருந்து லீவில் வந்த மனைவி சீட்டு நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார்.

"உன் துப்பாக்கிய விட என் கத்திதான் ஒசத்தி," என்றார் அவர்.

"வெறும் மரம்ங்க அது. என்னுது நாலு கிலோ. தூங்கறப்பகூட பக்கத்துலயே இருக்கும்."

"பதினஞ்சு வருசமா ஊர் ஊரா வீசறேன். எதிர்ல ஆடறவனுக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. அதான் தொழில்! நீ யாரையாச்சும் சுட்டிருக்கியா?"

"இல்லீங்க. ஆறு வருசமா நிக்கறேன். நான் நின்ன பக்கம் ஒருத்தனும் வேலி தாண்டல."

அவர் கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ ஜன்னலோரம் வந்து ஒக்காரு."