ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்

சுகுணா: ...அப்போ நாளைக்கு விசாரணைன்னு சொல்லு.

ரேகா: உங்களுக்கு யாருங்க்கா சொன்னாங்க?

சுகுணா: குன்னூர் பஸ்ஸுல ஏறினா கேக்காமலே சொல்றாங்க கண்ணு. ஊசி மருந்து ஃபேக்டரித் தண்ணில கிருமியாம்... உன் ஊட்டுக்காரரு அருள்ராஜை வேலைய விட்டு வெளிய உக்கார வெச்சுட்டாங்களாம்...

ரேகா: மருந்தையும் மொத்தமாக் கொட்டிட்டாங்க. டீ குடிங்க.

சுகுணா: சக்கரை கம்மி... பரவால்ல. ஞாயித்துக்கிழமை பைப்புல சுடுதண்ணி விடறது அருளுதானே. கண்ணசந்துட்டாரோ?

ரேகா: அவரா? குக்கர் விசிலையே எந்திரிச்சுப் போய் எண்ணற ஆளு.

சுகுணா: அப்புறம் எப்படிங்கறேன்... அந்தச் சூட்டுல எந்தக் கிருமி பொழைக்கும்?

ரேகா: சூடு டேங்க்குல இருந்தாப் பத்தாதுங்க்கா. பைப்பு பூராவும் அதே சூட்டோட சுத்தணும். நடுவுல எவனாச்சும் பின்பக்கத்துக் குழாயைத் திறந்துட்டா, அதுக்கு அந்தாண்டை ஆறிப்போயிரும். இவரு பாக்கற மீட்டரு டேங்க் பக்கம். அதுல ஒண்ணும் தெரியாது. வெதுவெதுன்னு தண்ணி... கிருமிக்குக் கொண்டாட்டம். வழவழன்னு உள்ளயே படிஞ்சுரும்.

சுகுணா: ஏயப்பா... நீயே வேலைக்குப் போலாம் போல.

ரேகா: ஊட்டுல ஒரு வாரமா இதே பேச்சு.

சுகுணா: யாரு திறந்திருப்பா...

ரேகா: தெரியலீங்க்கா.

சுகுணா: அருளு யாரு பேராச்சும்... சந்தேகம்னு...

ரேகா: டீ ஆறுது பாருங்க.

சுகுணா: சும்மா கேட்டேன். அக்கறைதான்.

ரேகா: பேரன் எப்படி இருக்கான்?

சுகுணா: இந்தப் பனில பச்சைக் கொழந்தையக் குளிப்பாட்டறதுதான் ரோதனை.

ரேகா: விறகெல்லாம் ஈரம் வேற. ஆனா ஒண்ணு... ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க ஊட்டுல புகையே வர்றதில்ல. கொழந்தைத் துணி மட்டும் கொடி நிறையக் காயுது.

சுகுணா: நீ சர்ச்சுக்குப் போறியா, எங்க கூரையப் பாக்கப் போறியா?

ரேகா: உங்ககிட்டப் பழகினதுதாங்க்கா.

சுகுணா: ...கேஸ்ல காய்ச்சறேன்.

ரேகா: கேஸா? உங்க பொண்ணு ரெண்டாவது டீ வெச்சாலே கேஸ் தீருதுன்னு நீங்க திட்டறது வாசல் வரைக்கும் கேக்குது...

சுகுணா: சரி, விடு. எங்கூட்டுக்காரருதான். வாட்ச்மேன் வேலைல ரவுண்ட்ஸ் போறப்போ அந்தப் பின்பக்கத்துக் குழாய்ல ரெண்டு கேன்... எப்படியும் சாக்கடைக்குப் போற தண்ணிதானேன்னு...

ரேகா: அது பைப்பெல்லாம் சுத்தி முடிஞ்சு கடைசில போறதுங்க்கா. கேட்டிருந்தா இவரே பிடிச்சு ஊட்டுல கொண்டாந்து குடுத்திருப்பாரு.

சுகுணா: தெரியாமச் செஞ்சது கண்ணு. அவருக்கு ரிட்டையர் ஆகற நேரம். அருளுக்கு என்ன, சின்ன வயசு... கோயமுத்தூர்ல எங்கயாச்சும்...

ரேகா: தண்ணில கிருமி விட்டவன்னு பேரெடுத்தவனுக்கா?

சுகுணா: ...அருளுக்கு இது தெரியுமா?

ரேகா: உங்க ஊட்டுக்காரரு தங்கவேலண்ணன் கேனத் தூக்கிட்டுப் போனத இவரு பாத்திருக்காரு. அப்போ உறைக்கல. இப்போ உறைக்குது.

சுகுணா: நாளைக்குச் சொல்லிருவாரா?

ரேகா: மாட்டாராம். "கொழந்தை இருக்கற ஊடு, போகட்டும்"ங்கறாரு. அதுக்குத்தான் எங்களுக்குள்ள சண்டை.

சுகுணா: தங்கமான புள்ளை. நான் எப்பவும் சொல்லுவேன், இந்த லைன் ஊடுகள்லயே அருளு மாதிரி...

ரேகா: இருங்க்கா, நான் இன்னும் முடிக்கல. அவரு சொல்ல மாட்டாருன்னு தெரிஞ்சுதான், காலைல நானே மேனேஜரு பங்களாவுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்.